தேய்ந்த மில்லிங் மெஷின்: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கோவை, அம்பத்தூர் பட்டறைகளில் பழைய எச்எம்டி மில்லிங் மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. அப்படி ஒன்று துல்லியம் இழந்தால், வயதையோ கைப்பிடியின் ஆட்டத்தையோ மட்டும் வைத்து அதை எடைக்குப் போடுவது தவறு. கைப்பிடியைத் திருப்பியும் மேசை உடனே நகராவிட்டால், பெரும்பாலும் தேய்ந்தவை லீட் ஸ்க்ரூவும் நட்டும்தான். ஸ்பிண்டில் பேரிங்கைப் போலவே இவையும் மாற்றக்கூடியவை. மேசை வழுக்கி ஓடும் ஸ்லைடின் நிலைதான் உண்மையான கேள்வி. வேலை பெரும்பாலும் மேசையின் நடுவிலேயே நடப்பதால் தேய்மானமும் அங்கேதான் குவிகிறது. அந்த இடத்துக்கு ஏற்றபடி, ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் கிப்பை இறுக்கினால் ஓரங்களில் மேசை பிடித்துக்கொள்ளும். ஓரத்துக்காகத் தளர்த்தினால் நடுவில் ஆடும். டயல் கேஜ் வைத்து முழு நீளமும் நகர்த்திப் பார்த்தால் தேய்மானத்தின் அளவு புரியும்.

டிஜிட்டல் ரீட்அவுட் பொருத்தினால் போதாதா என்பார்கள். மேசை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அது காட்டும். சாய்ந்து நகர்வதைத் திருத்தாது. சிஎன்சி வாங்கலாமே என்பது, ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் வெட்டுபவருக்கு நியாயமான யோசனை. ஒற்றை வேலைகளும் பழுதுபார்ப்புமாக ஓடும் பட்டறைக்கு, கிரைண்டிங்கும், கையால் சுரண்டிச் சமப்படுத்தும் ஸ்கிராப்பிங்கும் செய்து மீட்ட பழைய வார்ப்பிரும்பு உடலே போதும். ஸ்கிராப்பிங் தெரிந்த கைகள் அரிதாகிவருகின்றன என்பதுதான் வலுவான மறுப்பு. அந்தக் கை கிடைக்காத இடத்தில், ஸ்லைடோடு கியர்களும் போயிருந்தால், மாற்றுவதே சரி. அதற்காக வாங்கும் செகண்ட் ஹேண்ட் மெஷினையும் பெயிண்ட்டைப் பார்த்து வாங்காமல் இதே டயல் கேஜால் சோதிக்க வேண்டும்.