கம்பி வழியா, காற்று வழியா?

கண்ணை மறைத்து அணியும் மெய்நிகர்க் கருவியைக் கணினியோடு இணைத்து விளையாடும் ஆவல் நம் இளைஞரிடையே வளர்ந்து வருகிறது. காட்சி தடைப்பட்டால், “இணையச் சந்தாவை உயர்த்துங்கள்” என்று அவர்கள் பெற்றோரைக் கேட்கின்றனர். மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் குடும்பத்தார், பணம் கட்டுமுன் இவ்விஷயத்தைச் சற்றே ஆராய்தல் நலம்.

விளையாட்டை இயக்குவது கணினி. அது வரையும் காட்சி, வினாடிக்குப் பெரும்பாலும் 72 அல்லது 90 படங்களாகச் சுருக்கப்பெற்றுக் கருவியை அடைகிறது. 90 படங்கள் எனில், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 11 மில்லி வினாடியே. தலை திரும்பிய பின்னும் காட்சி திரும்பத் தாமதித்தால் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகும். ஆனால் இப்போக்குவரத்து முழுவதும் வீட்டுக்குள்ளேயே நிகழ்கிறது. ஆதலின், வெளியிலிருந்து வரும் இணையத்தின் வேகத்தைக் கூட்டுவதால் இக்குறை தீராது.

குவெஸ்ட் கருவிக்கு 2019இல் லிங்க் என்னும் கம்பி இணைப்பும், 2021இல் ஏர் லிங்க் என்னும் கம்பியில்லா இணைப்பும் வந்தன. கம்பியில் அண்டை வீட்டாரின் குறுக்கீடு இல்லை. தாமதமும் பொதுவாகக் குறைவு. அமர்ந்து ஆடும் கார்ப் பந்தயம் போன்றவற்றுக்கு அதுவே போதும். நின்று, சுழன்று ஆடுவோருக்கோ அது காலில் சுற்றும்.

காற்று வழி, ஒற்றைத் தண்டவாளம் போன்றது. ஒரு பிளாக் பகுதியில் ஒரு வண்டி ஓடுகையில் மற்றொன்று காத்து நிற்பதை இரயில்வே ஊழியராகிய நாங்கள் அறிவோம். வைஃபையிலும் ஓர் அலைவரிசையில் ஒரு கருவி பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். கணினியும் காற்று வழியே ரௌட்டருக்கு அனுப்பினால், ஒரே படம் அவ்வொற்றை வழியில் இருமுறை பயணம் செய்கிறது.

அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் வீடுகள் நெருங்கியிருத்தலால், அண்டை வீட்டு அலைகளும் அவ்வழியில் புகும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸிலோ உரிமமின்றிப் பயன்படுத்தும் பரப்பை இந்திய அரசு 2018இல் 605 மெகாஹெர்ட்ஸாக விரித்தது. அவ்வலை சுவரைத் தாண்டுகையில் பெரிதும் நலிவதால், ரௌட்டர் விளையாடும் அறையிலேயே இருத்தல் வேண்டும்.

ஆகவே, கம்பியும் காற்றும் பகையல்ல. கணினியிலிருந்து ரௌட்டர் வரை லேன் கம்பி. அங்கிருந்து கருவி வரை காற்று. இதுவே சிறந்த ஏற்பாடு.

சந்தாவை உயர்த்துமுன் அன்பர்கள் ரௌட்டரின் பின்புறத்தை ஒருமுறை நோக்குவார்களாக. கணினிக்குச் செல்லும் கம்பி அங்கு இல்லையெனில், குறை பெரும்பாலும் அங்கேயே உள்ளது.