குட்டி ஈனும் மீன்கள்: வீட்டுத் தொட்டிக்கேற்ற தேர்வு

மீன்களுள் பெரும்பாலானவை முட்டையிடுபவை. ஆயினும் சில இனங்களில் முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே வளர்ச்சியுற்று, பிறந்தவுடன் நீந்தவல்ல குஞ்சுகளாக வெளிவருகின்றன. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய நான்கும் இவ்வகையைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளே இவற்றின் தாயகமாகும்.

கோலார் மாவட்டத்துக்கு இம்மீன்கள் புதியவையல்ல. தங்கவயலுக்கு அண்மையிலுள்ள காமசமுத்திரம் வட்டாரக் கிராமங்களில், 1990-களில், மலேரியாவைப் பரப்பும் கொசுவின் புழுக்களை ஒழிக்கக் கிணறுகளில் கப்பி மீன்கள் விடப்பட்டன. புழுக்கள் குறைந்தன; நோயும் தணிந்தது. கிணற்றில் பயன்பட்ட அதே மீன் வீட்டுத் தொட்டிக்கும் ஏற்றதே.

மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் நீரை அறிதல் வேண்டும். இம்மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். சோப்பு எளிதில் நுரைக்காது. மென்னீரை நாடும் மீன்களுக்கு இது ஒவ்வாது. குட்டி ஈனும் மீன்களுக்கோ சுண்ணாம்புச் சத்துள்ள நீரே உகந்தது. குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பின், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பின்னர் பயன்படுத்தலாம். குளோரமின் கலந்த நீருக்கு இம்முறை போதாது. அதற்குரிய மருந்தைச் சேர்த்தல் வேண்டும். தங்கவயல் கடல் மட்டத்திற்கு மேல் 800 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை மாத இரவுகளில் நீர் குளிர்ந்துவிடும். குளிரைப் பிளாட்டியும் வாள்வாலும் ஓரளவு தாங்கும். கப்பிக்கும் மோலிக்கும் 24 முதல் 27 டிகிரி வரை வெப்பம் நிலைத்திருப்பது நன்று.

இனி, எவற்றை ஒருங்கே வளர்க்கலாம் என்பதைக் காண்போம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியில் சுமார் 50 லிட்டர் நீர் கொள்ளும். கப்பியும் பிளாட்டியும் இதில் இணக்கமாக வாழும். வாள்வால் 10 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. அதன் ஆண்கள் ஒன்றையொன்று துரத்தும். மோலிக்கும் அகன்ற இடம் தேவை. ஆகவே இவ்விரண்டும் பெரிய தொட்டிக்கே உரியன. கொசு ஒழிப்புக்கெனப் பெயர்பெற்ற கம்பூசியா பிற மீன்களின் துடுப்புகளைக் கடிக்கும் இயல்புடையது. அதனை இவற்றுடன் சேர்த்தலாகாது.

ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற விகிதம் இருத்தல் வேண்டும். இல்லையேல் ஆண்களின் ஓயாத துரத்தலால் பெண் மீன்கள் நலிவுறும். ஆணின் குதத் துடுப்பு குச்சிபோல் குறுகியிருக்கும். பெண்ணினது விசிறிபோல் விரிந்திருக்கும்.

பிளாட்டியும் வாள்வாலும் தம்முள் கலந்து இனம் பெருக்கக் கூடியவை. இக்கலப்பினக் குஞ்சுகள் சிலவற்றில் கரும்புள்ளிகள் புற்றுநோயாக மாறுவதை 1920-களிலேயே விஞ்ஞானிகள் கண்டனர். பரம்பரைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய இம்மீன்கள் இன்றும் பயன்படுகின்றன. தூய இனத்தை விரும்புவோர் இவற்றைத் தனித்தனியே வளர்த்தல் வேண்டும்.

புதுத் தொட்டியில் முதல் வாரங்களிலேயே மீன்கள் மடிவதற்குப் பெரும்பாலும் நோய் காரணமன்று. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றுகிறது. அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நன்கு இயங்கும் பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் சிறிது பெற்று வைத்தால் இக்காலம் குறையும். முதலில் மூன்று நான்கு மீன்களை மட்டும் விட்டு, உணவைக் குறைத்து, வாரந்தோறும் கால்பங்கு நீரையேனும் மாற்றுதல் நலம்.

பெண் கப்பி ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒரு முறை குட்டி ஈனும். ஒருமுறை இணைந்தபின் ஆணின் விந்தணுக்களைப் பல மாதம் உடலில் சேமித்து வைப்பதால், பெண் மீன்களை மட்டும் வாங்கினாலும் பெருக்கம் நிற்பதில்லை. பெருக்கத்தை விரும்பாதோர் ஆண் கப்பிகளை மட்டும் வளர்க்கலாம். வண்ண அழகு அவற்றுக்கே மிகுதி.

மிகுந்த குஞ்சுகளைப் பிற வளர்ப்போருக்கோ கடைக்கோ கொடுக்கலாம். ஏரியிலும் ஆற்றிலும் விடுதல் தகாது. அந்நிய மீன்கள் பெருகினால் நாட்டுச் சிறுமீன்களின் இரையும் இடமும் பறிபோகும். பாலாற்று நீரைத் தேக்கும் பேத்தமங்கலம் ஏரி போன்ற நீர்நிலைகளில் ஒருமுறை பரவிய மீனைத் திரும்பப் பிடித்தல் இயலாத செயல். கிணற்றுக்கும் தொட்டிக்கும் கரை உண்டு; ஓடும் நீருக்கு அது இல்லை.