பிரீமியம் பெட்ரோல் யாருக்குத் தேவை?

பங்க்கில் வண்டியை நிறுத்தியதும், "நார்மலா, பிரீமியமா?" என்று கேட்கிறார்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், யோசிக்க நேரமில்லை. விலை கூடினால் பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்று நம்பிப் பலர் பிரீமியத்துக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு அது வீண்செலவு.

பிரீமியம் என்பது பொதுவாக ஆக்டேன் எண் கூடிய பெட்ரோல். ஆனால் பெட்ரோலுக்கு எவ்வளவு சக்தி என்பதை அந்த எண் சொல்வதில்லை. எவ்வளவு அழுத்தத்தையும் சூட்டையும் அது தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. பிஸ்டன் மேலேறும்போது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை நசுங்கிச் சூடாகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். சூடு மிஞ்சினால், தீ வந்து சேருமுன்பே மறுபக்கத்துக் கலவை தானாக வெடித்துவிடும். மேட்டில் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது சில வண்டிகளில் 'டக் டக்' என்று கேட்கிறதே, அதுதான். மெக்கானிக்குகள் அதை நாக்கிங் என்பார்கள். நாள்பட விட்டால் பிஸ்டனே சேதமாகும்.

ஆக்டேன் கூடக் கூட நாக்கிங் ஆகும் வாய்ப்பு குறையும். நாக்கிங்கே இல்லாத இன்ஜினுக்கு அதனால் என்ன லாபம்? சாதாரண 100 சிசி பைக் 91 ஆக்டேனிலேயே நிம்மதியாக ஓடும். அதில் 100 ஆக்டேனை ஊற்றினாலும் அந்தக் கூடுதல் தாங்குதிறனைப் பயன்படுத்திக்கொள்ள இன்ஜினில் வழியில்லை. டர்போ கார்கள், கம்ப்ரஷன் அதிகமுள்ள பைக்குகளின் கதை வேறு. நாக்கிங்கை உணரும் சென்சார் இருந்தால், குறைந்த ஆக்டேன் போடும்போது பொறி விடும் நேரத்தை அது தள்ளிவைத்து இன்ஜினைக் காப்பாற்றும். ஆனால் இழுவை குறையும், மைலேஜும் அடிவாங்கும்.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, சாதாரண பெட்ரோலுக்கென வடிவமைத்த 4, 6, 8 சிலிண்டர் வண்டிகளில் பிரீமியத்தை ஊற்றி 2016இல் சோதித்தது. சக்தி, மைலேஜ், புகை எதிலும் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. மறுவருடம் பிரீமியம் போடப் பரிந்துரைக்கப்பட்ட வண்டிகளைச் சோதித்தபோதும் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம்தான் கூடியது. விலை வித்தியாசமோ அதைவிடப் பல மடங்கு. இந்தியாவில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்தியபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். சாதாரண பெட்ரோல் அப்போது அங்கே 82 ரூபாய் அளவில் இருந்தது.

இப்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எத்தனாலின் ஆக்டேன் 108 வரை போகும். அதனால் 20 சதவீத எத்தனால் கலந்தபின் சாதாரண பெட்ரோலே 91இலிருந்து 95 ஆக்டேனுக்கு வந்துவிட்டதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025இல் விளக்கியது. அதே எத்தனாலில், லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் வேறு, சக்தி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

டேங்க் மூடியின் உட்புறத்தையோ வண்டியோடு வந்த கையேட்டையோ பாருங்கள். 95 கட்டாயம் என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்க வேண்டாம். 91 போதும் என்றால் காசு மிச்சம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டியில் திடீரென நாக்கிங் கேட்டால், உள்ளே கார்பன் படிந்திருக்கலாம், பிளக்கோ டைமிங்கோ மாறியிருக்கலாம். பெட்ரோலை மாற்றுவதற்குமுன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.