களஞ்சியத்தில் இறங்குமுன் பயிற்சி: அமெரிக்க அரசு தரும் மானியம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மவுண்ட் காரல் என்பது ஒரு சிற்றூர். 2010 ஜூலை 28-ம் தேதி அங்குள்ள தானியச் சேமிப்பு நிலையம் ஒன்றில், இரும்புக் களஞ்சியத்தின் சுவரில் ஒட்டியிருந்த மக்காச்சோளத்தைத் தள்ளிவிட இளைஞர்கள் சிலர் உள்ளே இறங்கினர். அடியில் தானியத்தை வெளியேற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் தானியத்தில் புதைந்தான். அவனைத் தூக்கிவிட முயன்ற 19 வயது இளைஞரும் புதைந்து மாண்டார். உதவிக்கு வந்த இன்னொருவர் பல மணி நேரத்திற்குப் பிறகே உயிருடன் மீட்கப்பட்டார். அவர்கள் உடலில் பாதுகாப்புக் கச்சையும் கயிறும் இல்லை. அந்த வேலையில் உள்ள ஆபத்தை அவர்களுக்கு யாரும் முறையாகக் கற்றுக்கொடுத்திருக்கவும் இல்லை.

இது தனிப்பட்ட ஒரு விபத்து அன்று. பர்டியூ பல்கலைக்கழகம் திரட்டிய கணக்கின்படி, அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவில் 51 பேர் தானியத்தில் சிக்கினர்; 26 பேர் இறந்தனர்.

தானியம் எப்படி ஆளை இழுக்கிறது?

அடியில் தானியம் வெளியேறும்போது மேலே நிற்பவரின் கால் புதைமணலில் போல இறங்குகிறது. நாலைந்து விநாடிகளில் அவர் தாமாக வெளிவர முடியாத நிலை ஏற்படும். அரை நிமிஷத்திற்குள் தலையும் மூழ்கிவிடும். ஈரத்தோடு சேமித்த தானியம் பூஞ்சணம் பிடித்துக் கட்டியாகி, மேலே ஓடு போல நிற்பதும் உண்டு. அடியில் வெற்றிடம் இருப்பது தெரியாமல் அதன்மேல் கால் வைத்தால் ஓடு உடைந்து ஆள் உள்ளே விழுவார். சுவரோரம் செங்குத்தாக நிற்கும் தானியம் சரிந்து விழுந்து மூடுவது மூன்றாவது வகை.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூல காரணம் ஒன்றே. தானியம் கெட்டுப்போய்க் கட்டி பிடிக்கிறது. அதை உடைக்க ஆள் உள்ளே இறங்க நேரிடுகிறது. ஆகவே நன்கு உலர்த்திச் சேமிப்பது தானியத்தோடு உயிரையும் காக்கும்.

மானியம் பிறந்த விதம்

அமெரிக்காவில் வேலை செய்யும் இடங்களின் பாதுகாப்புக்கான சட்டம் 1970-ல் நிறைவேறியது. அதை அமல் செய்யும் நிர்வாகத்தை 'ஓஷா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விதிகளை எழுதி வைத்தால் மட்டும் போதாது, வேலை செய்பவருக்கு அவை எட்ட வேண்டும் என்று கருதி, 1978-ல் இந்த நிர்வாகம் பயிற்சி மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1997-ல் இதற்கு சூசன் ஹார்வுட் என்ற அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. 1996-ல் காலமான இவர் ஓஷாவில் ஆபத்துகளை மதிப்பிடும் பிரிவின் தலைவராக இருந்தவர். பஞ்சுத் தூசி, பென்சீன், கல்நார் போன்றவற்றிலிருந்து தொழிலாளரைக் காக்கும் விதிகளை உருவாக்குவதில் பங்கு கொண்டவர்.

மானியம் தனி நபருக்கோ லாப நோக்குள்ள கம்பெனிக்கோ கிடையாது. தொழிற்சங்கங்கள், கல்லூரிகள், தர்ம ஸ்தாபனங்கள், தொழில் சங்கங்கள் போன்ற லாப நோக்கமற்ற அமைப்புகள் விண்ணப்பிக்கலாம். போட்டியின் பேரில் தேர்வு நடக்கிறது. 2023-ல் சுமார் 1 கோடியே 27 லட்சம் டாலர் வழங்கப்பட்டது. பயிற்சி பெறுபவர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. இளம் வயதினர், தற்காலிகக் கூலிகள், ஆங்கிலம் அறியாதோர், எழுத்தறிவு குறைந்தோர், சிறு தொழில்களில் இருப்போர் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. அதனால் பாடங்கள் ஸ்பானிஷ் முதலிய மொழிகளிலும் தயாராகின்றன. தானியக் களஞ்சிய ஆபத்து, வெயிலின் கொடுமை ஆகியவையும் பாடங்களில் அடங்கும்.

சிறு பண்ணைகளின் நிலை

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்க வரவு செலவுச் சட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டு வருகிறது. 10 அல்லது அதற்குக் குறைந்த ஆட்களை வைத்து, கூலிகளுக்கான தற்காலிகக் குடியிருப்பு இல்லாமல் நடக்கும் பண்ணைகளில் விதிகளை அமல் செய்ய ஓஷா பணம் செலவிட முடியாது என்பதே அது. உரிமையாளரின் நெருங்கிய குடும்பத்தார் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. தானிய நிலையங்களுக்கென 1987-ல் வந்த தனி விதியும் பண்ணையிலுள்ள களஞ்சியத்துக்குப் பொருந்தாது.

ஆகவே சிறு விவசாயியின் களஞ்சியத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வரமாட்டார். தகப்பனும் மகனுமாக இறங்கும் இடத்தில் அவர்களைக் காப்பது அவர்கள் கற்றறிந்தது மட்டுமே. மானியத்தில் தயாராகும் பாடங்கள் பலவற்றை ஓஷா பொதுவில் வெளியிடுவதால், இத்தகைய குடும்பங்களும் அவற்றைப் படித்துப் பயன் பெறலாம்.

பாடத்தின் சாரம்

களஞ்சியப் பயிற்சியில் கற்பிக்கப்படும் முக்கிய விதிகள் வருமாறு:

1. ஆள் இறங்குமுன் இயந்திரத்தை நிறுத்தி, வேறொருவர் ஓட்ட முடியாதபடி விசையைப் பூட்டிவிட வேண்டும்.

2. உள்ளே காற்று நல்லதாக உள்ளதா என்று சோதிக்க வேண்டும்.

3. கச்சையும் கயிறும் அணியாமல் இறங்கக் கூடாது. இறங்குபவரைக் கண்காணிக்க வெளியே ஓர் ஆள் நின்றே தீர வேண்டும்.

4. யாராவது சிக்கினால் உடனே இயந்திரத்தை நிறுத்தி, மீட்புப் படைக்குச் சொல்ல வேண்டும். பதறிப்போய்ப் பின்னாலேயே குதிக்கக் கூடாது.

5. புதைந்தவரைக் கயிற்றால் வலிந்து இழுத்தால் உடலுக்குப் பலத்த காயம் ஏற்படும். மீட்புப் படையினர் அவரைச் சுற்றித் தகடுகளால் அரண் அமைத்து, உள்ளிருக்கும் தானியத்தை அகற்றியே வெளியே எடுப்பார்கள்.

நம் வீட்டுக் குதிர் அவ்வளவு பெரிதன்று. எனினும் நான்காவது விதி நம் ஊருக்கும் முழுமையாகப் பொருந்தும். தூர் வாரக் கிணற்றில் இறங்கியவர் விஷவாயுவில் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவதை நாம் அறிவோம். அன்பின் வேகத்தில் இறங்கும் இரண்டாவது ஆளைத் தடுத்து நிறுத்துவதும் பயிற்சியின் வேலைதான். உடனே தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் கொடுப்பதே முறை. இதை இன்றே வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் சொல்லி வைப்பது நலம். இதற்கு மானியம் தேவையில்லை.