ஒரு படம், இரண்டு நண்பர்கள், பதினைந்து நாள் பேச்சில்லை

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நானும் என் நண்பர் ஒருவரும் பதினைந்து நாள் பேசாமல் இருந்தோம். நாற்பதைத் தாண்டின ஆள் செய்யற வேலையா இது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பதினைந்து நாளில் தேடிப் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் குறிப்பு.

நண்பர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். சில வருஷம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். பிறந்து வளர்ந்தது கீழ்ப்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமில். லாஸ்பேட்டையிலிருந்து ஈசிஆரில் பைக்கை எடுத்தால் அரை மணி நேரம்தான். அவருடைய அம்மா 1990இல் மன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்தவர்.

நாங்கள் பார்த்த படம் பிரசன்ன விதானகேயின் ‘ஒப நத்துவ ஒப எக்க’ (2012). ‘நீ இல்லாமலும் உன்னோடும்’ என்று சொல்லலாம். தஸ்தயெவ்ஸ்கியின் ஒரு நீண்ட கதையை இலங்கைக்குக் கொண்டுவந்திருக்கிறார். மலையகத்தில் அடகுக்கடை நடத்தும் சிங்களவன் சரத்சிறி. நகையை அடகு வைக்க வரும் தமிழ்ப்பெண் செல்வி, போரால் வடக்கைவிட்டு அங்கே வந்து சேர்ந்தவள். கல்யாணம் ஆகிறது. ஒருநாள் அவனுடைய பழைய நண்பன் வீட்டுக்கு வருகிறான். அப்போதுதான் கணவன் ராணுவத்தில் இருந்தவன் என்று அவளுக்குத் தெரிகிறது. ஒரு தமிழ்ப்பெண்ணைச் சீரழித்துக் கொன்ற வழக்கில் தன் கூட்டாளிகளைக் காப்பாற்றப் பொய்ச்சாட்சி சொன்னவன் என்பதும் வெளியே வருகிறது. நட்புக்காகச் சொன்ன பொய் அந்த வீட்டையே அழித்துவிடுகிறது.

படம் முடிந்ததும் நான் கொஞ்சம் உற்சாகமாகவே பேசினேன். "எவ்வளவு நேர்மையா எடுத்திருக்கார் பாருங்க. ஒரு சிங்கள இயக்குநர் இதைச் சொல்றதே பெரிய விஷயம். ரெண்டு பக்கமும் தப்பு நடந்திருக்கு, அதை மனுஷத்தனமா..."

அவர் நிறுத்தினார். "அண்ணா, அவன் குற்ற உணர்ச்சியில துடிக்கறதுக்குப் படம் பூரா இடம் இருக்கு. அந்தச் செத்துப்போன பொண்ணுக்கு எத்தனை நிமிஷம்?"

நான் ஏதோ சமாளித்தேன். 'ரெண்டு பக்கமும்' என்ற வார்த்தையை இன்னொரு தரம் சொல்லிவிட்டேன் போல. எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான், இதே சண்டை ஊரறிய நடந்திருக்கிறதே என்று பழைய செய்திகளைத் தோண்ட ஆரம்பித்தேன். 2014 என்ற ஒரே வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் பிப்ரவரியில், கேலம் மேக்ரேயின் ‘நோ ஃபயர் சோன்’ ஆவணப்படத்துக்கு இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் தமிழ்ப் பொதுமக்களுக்கு நடந்ததைக் காட்டிய படம் அது. இலங்கையுடனான நட்புறவு பாதிக்கப்படும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மார்ச் 28ஆம் தேதி சந்தோஷ் சிவனின் ‘இனம்’ தமிழ்நாட்டில் வெளியானது. போருக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஆதரவற்ற பிள்ளைகளின் கதை. தமிழர்களைத் தவறாகக் காட்டுகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. சில காட்சிகளை வெட்டிப் பார்த்தார்கள், அடங்கவில்லை. சில நாட்களிலேயே படத்தை வெளியிட்ட லிங்குசாமி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஜூனில் விதானகேயின் படம் இந்தியாவில் வெளியானபோது, சென்னையில் எதிர்ப்பும் மிரட்டலும் வந்து மல்டிப்ளெக்ஸ் காட்சிகள் நிறுத்தப்பட்டன.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் நண்பருடைய கோபம் கொஞ்சம் விளங்கியது. கொல்லப்பட்டவர்களின் பக்கமிருந்து சொன்ன படத்தை அரசாங்கமே உள்ளே விடவில்லை. அடுத்த வருஷம், இசைப்பிரியாவின் கதையை எடுத்த ‘போர்க்களத்தில் ஒரு பூ’ படத்துக்கும் சான்றிதழ் மறுக்கப்பட்டது. அப்படி இருக்கும்போது, தியேட்டருக்கு வந்து சேர்ந்தது முன்னாள் சிப்பாயின் மனசாட்சியைப் பற்றின படம். 'எங்க வாயைப் பொத்திட்டு அவனை அழவிடறீங்களே' என்று ஒருவருக்குத் தோன்றினால், அதை வெறும் வெறி என்று ஒதுக்க முடியாது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இதே விதானகே 1997இல் ‘புரஹந்த களுவர’ என்று ஒரு படம் எடுத்தார். ராணுவத்தில் இருந்த மகன் செத்துவிட்டான் என்று சீல் வைத்த சவப்பெட்டி வருகிறது. கண் தெரியாத அப்பா நம்ப மறுக்கிறார். அவ்வளவுதான் கதை. போர் நடந்துகொண்டிருந்த 2000ஆம் ஆண்டில் அந்தப் படம் வெளிவராமல் இலங்கை அரசு தடுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்துத்தான் திரையிட்டார். கொழும்பில் அரசாங்கத்துக்கு ஆகாதவர், சென்னையில் 'சிங்களவன்'. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஆளைத் துரத்தியிருக்கிறார்கள்.

இந்த மாதிரிப் படங்களுக்கு வந்த விமர்சனங்களையும் கருத்துகளையும் படித்துக்கொண்டே போனால், மேலுக்கு எல்லாம் 'நல்ல படம்', 'மோசமான படம்' என்று தெரிந்தாலும், ஆளாளுக்கு வேறு வேறு தராசு வைத்திருப்பது புரிகிறது. நான் நாலாகப் பிரித்துக்கொண்டேன்.

முதல் தராசு, நடுநிலை. இரண்டு பக்கத்தையும் சமமாகக் காட்டினாரா என்று பார்ப்பது. என்னுடையது இதுதான். தூரத்தில் இருப்பவர்களுக்கு வசதியான தராசு. செத்தவர்களின் கணக்கு இரண்டு பக்கமும் சமமாக இல்லாதபோது, சமமாகக் காட்டுவதே ஒரு பக்கம் சாய்வதாகிவிடலாம் என்பதை இது கவனிக்காது.

இரண்டாவது, முகம். யாருக்குப் பேரும் ஊரும் பால்யமும் கனவும் கொடுத்திருக்கிறார்கள், யார் வெறும் துப்பாக்கிச் சத்தமாக வந்துபோகிறார்கள் என்று பார்ப்பது. நண்பர் கேட்ட 'எத்தனை நிமிஷம்?' இந்த வகை.

மூன்றாவது, விடுபட்டது. படத்தில் இருப்பது எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். இல்லாதது எது? நாலாவது, யார் எடுத்தது, யாருக்காக, எப்போது? அதே காட்சி போர் நடக்கும்போது ஒரு அர்த்தம், முடிந்து இருபது வருஷம் கழித்து இன்னொரு அர்த்தம்.

நாலுமே நியாயமான தராசுகள்தான். ஆளுக்கொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே எடைக்குத்தான் சண்டை போடுகிறோம் என்று நினைப்பதில்தான் சிக்கல்.

இது நம் ஊர் வியாதி மட்டும்தானா என்று பார்க்க, யூகோஸ்லாவியப் பக்கம் போனேன். 1996இல் செர்பிய இயக்குநர் ஸ்ர்ஜான் திராகோயெவிச் எடுத்த ‘லெப்ப செல லெப்போ கோரே’. 'அழகான ஊர்கள் அழகாக எரிகின்றன' என்று அர்த்தம். மிலான் செர்பியன், ஹலீல் போஸ்னிய முஸ்லிம். ஒரே ஊரில் ஒன்றாக வளர்ந்த நண்பர்கள். பக்கத்தில் பாதியில் கைவிடப்பட்ட ஒரு சுரங்கப்பாதை. உள்ளே பூதம் தூங்குகிறது என்று பயந்து பையன்கள் நுழையவே மாட்டார்கள். போர் வருகிறது. மிலானும் இன்னும் சில செர்பிய வீரர்களும் அதே சுரங்கத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே சுற்றி நிற்பவர்கள் போஸ்னியப் படை, ஹலீலின் ஆட்கள். கடைசியில் இரண்டு பேரும் சுரங்க வாசலில் எதிரெதிரே நின்று, எரிந்துபோன பட்டறையைப் பற்றியும் செத்துப்போன அம்மாவைப் பற்றியும் கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். நான் செய்யவில்லை என்றுதான் பதில் வருகிறது.

செர்பியாவில் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். இது போரையே கிண்டல் செய்யும் படம், செர்பியர்களின் கொள்ளையையும் தீவைப்பையும் மறைக்காமல் காட்டுகிறது என்று பாராட்டினவர்கள் உண்டு. செர்பியப் பிரச்சாரம் என்று திட்டினவர்களும் உண்டு. திட்டினவர்கள் சொன்ன முக்கியமான காரணத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுரங்கத்துக்குள் இருக்கும் செர்பியர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கிறது. வெளியே இருக்கும் முஸ்லிம்கள் பெரும்பாலும் இருட்டிலிருந்து வரும் குரல்தான். படம் எடுக்கப்பட்டது விசெகிராத் பக்கம். 1992இல் அந்த ஊர் முஸ்லிம்களைப் பாலத்தில் நிற்கவைத்துக் கொன்று ஆற்றில் தள்ளினார்கள். அந்த ஊரில் நடந்த குற்றங்களுக்கு ஹேக் தீர்ப்பாயத்தில் தண்டனை வரப் பல வருஷம் ஆனது. படம் வெளிவந்தபோது போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஆக, அதே கேள்விதான். வெளியே நிற்பவனுக்கு எத்தனை நிமிஷம்?

ஆனால் அங்கே பிறகு நடந்தது வேறு. 2001இல் போஸ்னியாவின் தானிஸ் தானோவிச் ‘நோ மேன்ஸ் லேண்ட்’ எடுத்தார். நம்ம ‘லகான்’ போட்டியிட்ட வருஷம் ஆஸ்கரை வாங்கிப் போன படம் அதுதான். 2006இல் யஸ்மிலா ஸ்பானிச்சின் ‘க்ர்பவிட்சா’ போரில் சீரழிக்கப்பட்ட ஒரு தாயின் கதையைச் சொல்லி பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. 2020இல் அவரே ஸ்ரெப்ரெனிகா படுகொலையை ‘குவோ வாதிஸ், ஐதா?’ என்று எடுத்தார். இதனால் எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. ஸ்ரெப்ரெனிகாவை இனப்படுகொலை என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் செர்பியாவில் இன்னும் நிறையப் பேர். ஆனால் திராகோயெவிச்சின் படம் இன்று பல சாட்சிகளில் ஒரு சாட்சி. சுரங்கத்துக்குள் இருந்தவனின் சாட்சி. வெளியே நின்றவளும் தனியாகப் படம் எடுத்துச் சொல்லிவிட்டாள். ஒரே படம் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கே குறைந்திருக்கிறது.

நம்மிடம் அது நடக்கவில்லை. தமிழ்நாட்டில் பலருக்கு ஈழப்போர்ப் படம் என்றால் இன்றும் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002). அதுவும் சென்னையிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வரும் குடும்பத்தின் கண் வழியாக. எண்ணிக்கை குறைவு என்பதால் வருகிற ஒவ்வொரு படமும் மொத்தப் போரையும் தலையில் சுமக்க வேண்டியிருக்கிறது. மெல்லிய காதல் கதையாக வந்தாலும் சாட்சிக் கூண்டில் ஏற்றி, 'இதைச் சொன்னாயா, அதை ஏன் சொல்லலை' என்று குறுக்கு விசாரணைதான். பார்வையாளர்கள் முரடர்கள் என்பதால் மட்டும் இல்லை. மற்ற சாட்சிகளைக் கூப்பிடவே விடவில்லை என்பதாலும்தான்.

இங்கே ஒரு தடங்கலும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தமிழரே எடுத்தால் பிரச்சினை தீருமா? ஜூட் ரத்னம் 1983 கலவரத்தின்போது கொழும்பிலிருந்து தப்பி வடக்கே போன குடும்பத்துப் பிள்ளை. அவருடைய ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ 2017இல் கான் விழாவில் சிறப்புத் திரையிடலாக வந்தது. கனடாவில் வாழ்ந்த அவருடைய மாமா, ஒரு காலத்தில் இயக்கத்தில் இருந்தவர், திரும்பி வந்து பேசுகிறார். அந்தப் படம் சிங்களக் காடையர்களோடு நிற்பதில்லை. ஒரே லட்சியத்துக்காகக் கிளம்பின தமிழ் இளைஞர்கள் ஒருவரையொருவர் கொன்றதையும் தொடுகிறது. 1986இல் புலிகள் டெலோவை அழித்தார்களே, அந்த மாதிரி விஷயங்கள். அதே வருஷம் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் காட்டுவதாக இருந்து, எதிர்ப்பு வந்ததும் நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு தரப்பு, 'இன்னும் நீதியே கிடைக்காதபோது இதையா பேசுவது?' என்றது. இன்னொரு தரப்பு, 'வேற எப்பதான் பேசறது?' என்று கேட்டது. இரண்டு கேள்வியும் நாலாவது தராசில் வருபவை.

எனக்கு இதில் இரண்டாவது தரப்புதான் சரி என்று படுகிறது. பார்த்துவிட்டுத் திட்டுவது வேறு, பார்க்கவே விடாமல் செய்வது வேறு. 'நோ ஃபயர் சோன்' மறுக்கப்பட்டது தப்பு என்றால், இதை நீக்கியதும் தப்புதான். ஆனால் முதல் தரப்பைப் பார்த்து 'ரெண்டு பக்கமும் தப்பு இருக்குல்ல' என்று சொல்லும் தெம்பு இப்போது எனக்கில்லை. அது உண்மையில்லை என்பதால் அல்ல. அதை நான் சொன்ன இடம் அப்படி. எதையும் இழக்காதவன், இழந்தவரைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தை அது.

பதினாறாவது நாள் நானே வண்டியை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். நண்பர் வெளியே போயிருந்தார். அவருடைய அம்மா தேத்தண்ணி கொடுத்தார். இரண்டு பேரும் பேசாமல் இருந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு படத்தால் வந்தது என்றும் தெரியும். "நீங்க பாத்தீங்களாம்மா அந்தப் படம்?" என்று கேட்டேன்.

"நாங்கள் பட்டதைப் படமாயும் பாக்கவேணுமோ, தம்பி?" என்றார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான்.

அப்புறம் நண்பர் வந்தார். மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சுரங்கப் படத்தைப் பற்றிச் சொன்னேன். கதையைக் கேட்டுவிட்டு, "வெளியில நின்னவன் எடுத்த படமும் இருக்குன்னீங்களே, மொதல்ல அதைப் பாப்போம்ணா" என்றார்.

வர ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ‘குவோ வாதிஸ், ஐதா?’ பார்க்கிறோம். படம் முடிந்ததும் முதலில் அவர் பேசட்டும் என்று இருக்கிறேன்.