மாற்றுடை அணிந்த தமிழ்



மருதமுனையிலே கைத்தறி நெய்யும் முதியவர் ஒருவர், சில காலத்துக்கு முன் ஒரு தாளுடன் என்னிடம் வந்தார். அவருக்கு வந்த மின்னஞ்சல்களின் தலைப்புகளைப் பழைய நிரல் ஒன்று பட்டியலாக்கித் தந்திருந்தது. அதில் ஒரு வரி முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே இருந்தது. “வாப்பா, இது பழுதான கடிதம், அழித்துவிடுவோம்” என்று மகன் கூறினாராம். முதியவருக்கு மனம் ஒப்பவில்லை.

அவர் ஐயுற்றது சரியே. அவ்வரி பழுதானதன்று, மாற்றுடை அணிந்த தமிழ். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்திலே எழுதினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளும் ஆக்கிக்கொண்டனர். எழுத்து வேறாயினும் அரபுத்தமிழின் மொழி தமிழே. மின்னஞ்சலிலும் நிகழ்வது இதுவே.

மின்னஞ்சலின் பொருள், அனுப்புநர் பெயர் முதலியவை அடங்கிய தலைப்பகுதியில், 1982ஆம் ஆண்டு விதிப்படி, ஆஸ்கி என்னும் 128 குறிகளுக்கே இடமிருந்தது. தமிழுக்கு அங்கே இடமில்லை. ஆதலால், பிறமொழி எழுத்துகளை அக்குறிகளாலேயே எழுதும் முறையொன்றை 1992இல் கீத் மூர் என்பார் வகுத்தார். 1996இல் அது திருத்தம் பெற்றது.

இம்முறையில் எழுதிய சொல்லை அடையாளங்காண்பது எளிது. சமக்குறியும் வினாக்குறியும் முதலில் வரும். அடுத்து எழுத்துமுறையின் பெயர். தமிழுக்கு இன்று பெரும்பாலும் யூடிஎப்-8. பின்னர் ஒரு வினாக்குறி, ‘பீ’ அல்லது ‘கியூ’ என்னும் ஓரெழுத்து, மீண்டும் வினாக்குறி. அதன்பின் செய்தி. இறுதியில் வினாக்குறியும் சமக்குறியும்.

‘பீ’ முறையின் கணக்கு இதுவாகும். யூடிஎப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள், அதாவது 24 பிட்டுகள். அவற்றை ஆறாறாகப் பிரித்தால் நான்கு பங்கு, பங்குக்கொரு குறி. ‘க’ என்பது ‘நான்கு, கே, ஆறு, வீ’ என்றாகும். புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால், கல்முனை என்னும் பெயரில் ஏழு குறிகள். மாற்றிய வடிவில் 28. எல்லாத் தமிழ்க் குறிகளும் ‘நான்கு, கே’ என்றே தொடங்கும். தாளில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வரக் கண்டதும், உள்ளே இருப்பது தமிழென அறிந்தேன்.

மீட்பதற்கு விலைகொடுத்து வாங்கும் கருவி வேண்டியதில்லை. லினக்ஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் ‘பேஸ்64’ என்னும் கட்டளை உண்டு. மூன்றாம் வினாக்குறிக்கும் நான்காம் வினாக்குறிக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, ‘டீ’ என்னும் தெரிவுடன் அதற்கு ஊட்டினால், தமிழ் வெளிப்படும். ‘கியூ’ முறையில் எழுதியதை இக்கட்டளை படிக்காது. பேர்ள் மொழியின் ‘என்கோட்’ தொகுதி இரு முறைகளையும் படிக்கும்.

ஓர் எச்சரிக்கை. ஒரு துண்டு 75 குறிகளுக்கு மேற்படலாகாது என்பது விதி. நீண்ட தலைப்பு பல துண்டுகளாக வரும். ஒன்றை மட்டும் மீட்டால் செய்தி குறைபடும். துண்டுகளுக்கிடையிலான வெற்றிடத்தைக் கணக்கில் எடுக்காது எல்லாவற்றையும் இணைத்தே வாசிக்கவேண்டும்.

முதியவரின் தாளில் மூன்று துண்டுகள் இருந்தன. மூன்றையும் மீட்டோம். “சாரம் நூறு வேண்டும், பெருநாளுக்கு முன்” என்றிருந்தது. பெருநாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அவர் அன்றே பாவு பூட்டச் சென்றார்.