பி.டி. பீரியடில் ஒரு பரீட்சை... பாஸா, ஃபெயிலா?

"அம்மா, இன்னிக்கு ஸ்கூல்ல எல்லாரையும் நிறுத்தி எடை பார்த்தாங்க. அப்புறம் ஓடவிட்டாங்க. நான்தான் கடைசி!"

பையை மூலையில் வீசிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது உங்கள் பிள்ளை. நீங்கள் என்ன சொல்வீர்கள்? "ஒழுங்கா சாப்பிட்டாத்தானே ஓட முடியும்!" என்று ஓர் அதட்டல். இல்லையென்றால், "போனாப் போகுது, கணக்குல நூறு வாங்கினாப் போதும்" என்று ஒரு சமாதானம். இரண்டுமே வேண்டாம். அந்த ஓட்டம் உங்கள் பிள்ளையின் உடம்பைப் பற்றி ஏதோ சொல்ல வந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்போமே.

முதலில் இது என்ன பரீட்சை என்று பார்த்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளின் உடல்திறனை அளந்து பதிவு செய்ய, மத்திய அரசின் 'கேலோ இந்தியா' திட்டத்தில் 2019-ல் ஒரு செயலி வந்தது. வயதுக்குத் தகுந்தபடி சோதனைகளைப் பிரித்திருக்கிறார்கள். 5 முதல் 8 வயது வரை, அதாவது ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை மூன்றே மூன்றுதான். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, ஒற்றைக்காலில் நிற்க முடிகிறதா, கையை எவ்வளவு வேகமாக மாற்றி மாற்றித் தட்ட முடிகிறது, அவ்வளவுதான். 9 வயதுக்கு மேல்தான் ஓட்டம் வருகிறது. 50 மீட்டர் வேக ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் (முடியாதவர்கள் நடக்கலாம்), காலை நீட்டி உட்கார்ந்து குனிவது, மல்லாந்து படுத்து 30 விநாடியில் எத்தனை முறை தோளைத் தூக்க முடிகிறது என்பது, தண்டால். பெண் குழந்தைகளுக்கு முட்டியைத் தரையில் ஊன்றிய தண்டால்.

இதையெல்லாம் யார் அளப்பது? நம்ம ஊர் அரசு தொடக்கப்பள்ளிகள் பெரும்பாலானவற்றில் தனியாக பி.டி. வாத்தியார் கிடையாது. தமிழும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிற டீச்சரேதான் ஸ்டாப் வாட்ச்சையும் பிடிக்க வேண்டும். அதனால் குறை சொல்லும் முன் அவர் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். இன்னொரு பக்கம் பார்த்தால், அதில் ஒரு நன்மையும் உண்டு. தினமும் பார்க்கிற பிள்ளை என்றைக்கு வாடியிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

சின்னக் கைகளின் வேகம்

அந்தத் தட்டு தட்டும் சோதனையைக் கொஞ்சம் கவனியுங்கள். மேஜையில் இரண்டு வட்டங்கள், நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி சுமார் 60 செ.மீ. இடைவெளி. ஒரு கையை நடுவில் அசையாமல் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் இந்த வட்டத்தையும் அந்த வட்டத்தையும் மாறி மாறித் தொட வேண்டும். போய்வருவது 25 முறை. எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் அளவு. கண்ணும் கையும் மூளையும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதை இது காட்டும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு இதைப் படிக்கும்போதே சுருக்கென்று இருக்கும். பிள்ளையின் கை வேகத்தை அளக்கிற வழக்கம் நம் பக்கத்துக்குப் புதிதல்லவே! கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். மழை பொய்த்துப்போகிற கரிசல் பூமிக்கு அது சோறு போட்டது உண்மை. அதே தொழிலில் பிற்பாடு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போனதும் உண்மை. "சின்னக் கைதான் சுறுசுறுப்பா அடுக்கும்" என்பார்கள். இருட்டு விலகுவதற்குள் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ். வீட்டில் பெரியம்மா, அத்தை யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அங்கே கை வேகத்துக்குக் கூலி உண்டு. முதுகு கூனிப்போவதற்கும் இருமலுக்கும் கணக்கு கிடையாது.

1988-ல் குழந்தைத் தொழிலாளர் மறுவாழ்வுக்கான தேசியத் திட்டம் வந்தபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசிப் பகுதியும் ஒன்று. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது, நடிப்பு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. அந்த உதவியும் ஆபத்தான தொழிலாக இருக்கக் கூடாது.

இன்றைக்கு அதே ஊர்ப் பிள்ளையின் கை வேகத்தை ஒரு டீச்சர் அந்தப் பிள்ளையின் நன்மைக்காகவே அளக்கிறார். அதனால்தான் அந்தச் சோதனையை ஏனோதானோ என்று செய்யாதீர்கள் என்கிறேன். தட்டாங்கல் ஆடுகிற பிள்ளைக்கு இது சர்வசாதாரணம். சில்லு விளையாடுகிற பிள்ளைக்கு ஒற்றைக்கால் சோதனை அப்படித்தான். விளையாடவே விடாமல் டி.வி. முன்னாலும் செல்போன் முன்னாலும் உட்காரவைத்த பிள்ளைதான் தடுமாறும்.

எடையைப் பார்த்துப் பதறாதீர்கள்

பி.எம்.ஐ. கணக்கு எளிது. எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுக்க வேண்டும். ஏழு வயதுப் பையன் 22 கிலோ, உயரம் 122 செ.மீ. என்றால் 14.8 வரும். உடனே பக்கத்து வீட்டுக்காரர், "பதினெட்டரைக்கு மேல இருக்கணுமே, பிள்ளை இப்படி இளைச்சிருக்கே!" என்பார். பதினெட்டரை என்பது பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளுக்கு வயதுக்கு ஒன்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி என்று வேறு வரைபடம் இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் வெளியிட்ட வரைபடத்தை உங்கள் குழந்தை டாக்டரிடம் கேட்டால் காட்டுவார். அதன்படி இந்தப் பையன் நன்றாகவே இருக்கிறான்.

அளப்பதிலும் கவனம் தேவை. அதே பையனைக் கோணலாக நிறுத்தி 120 செ.மீ. என்று எழுதிவிட்டால் 14.8 என்பது 15.3 ஆகிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் சுவரில் ஒட்டி நிற்க, தலைமேல் பலகையைச் சமமாக வைத்து அளக்க வேண்டும். எடை மெஷினைச் சாக்கின் மேலோ பாயின் மேலோ வைக்காமல் சிமெண்ட் தரையில் வையுங்கள். முக்கியமாக, எடையை வகுப்பே கேட்கும்படி சத்தமாகப் படிக்காதீர்கள். "குண்டு", "ஒல்லிக்குச்சி" என்ற பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டினால் பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

கடைசியில் வந்த பிள்ளை

சரி, நம் பிள்ளைக்கு வருவோம். 600 மீட்டரில் கடைசி. ஏன்?

"சோம்பேறி, வேறென்ன" என்பது சுலபமான பதில். ஆனால் நம் ஊர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தசோகையை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். அது குறைந்தால் காலுக்கு வேண்டியது போய்ச் சேராது, பாதியிலேயே மூச்சு வாங்கும், காலும் துவளும். 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு 11.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை சாக்பீஸ், மண், பச்சரிசி தின்கிறதா, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறதா, வகுப்பில் தூங்கி வழிகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு பாதத்தின் வழியாக உள்ளே போய்க் குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். பள்ளியில் தருகிற பூச்சி மாத்திரையையும், வாரம் ஒரு முறை தருகிற இரும்புச்சத்து மாத்திரையையும் "சூடு" என்று வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சாப்பிட்ட பிறகு கொடுத்தால் வயிறு புரட்டாது. வீட்டில் கம்பங்கூழ், முருங்கைக்கீரை, கடலை, முட்டை, அசைவக்காரர்களுக்குச் சுவரொட்டி. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு பிள்ளைக்கு டீ கொடுக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய. அந்த டீ இரும்புச்சத்தை ஒட்டவிடாது.

இரண்டாவது சந்தேகம், இளைப்பு. ஓடி முடித்தபின் இருமல் நிற்கவில்லை, நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் யாராவது ஃபயர் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், வந்ததும் குளித்து உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குவது நல்லது. மூன்றாவது, இதயம். ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், உதடு நீலம் பாய்வது இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பள்ளிக்கு ஆண்டுதோறும் வரும் மருத்துவக் குழு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கும். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்போல எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை.

அமெரிக்காவின் அனுபவம்

1950-களில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஆறு எளிய உடற்பயிற்சிச் சோதனைகள் வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒன்றாவது முடியவில்லை. ஐரோப்பியப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குக்கூட அந்தக் கஷ்டமில்லை. பதறிப்போன அதிபர் ஐசனோவர் 1956-ல் இதற்கென்றே ஒரு கவுன்சில் அமைத்தார். 1966-ல் அதிபர் பெயரில் விருதே வந்தது. எல்லாச் சோதனையிலும் நூற்றுக்கு 85 பேரை முந்தினால்தான் விருது! விளைவு? ஏற்கனவே ஓடுகிற பிள்ளை பேட்ஜ் குத்திக்கொண்டது. ஓட முடியாத பிள்ளை அவமானப்பட்டு மைதானத்தையே வெறுத்தது. 2012-ல் அதைக் கைவிட்டு, ஆரோக்கியத்துக்கு இவ்வளவு போதும் என்ற அளவை வைத்துப் பார்க்கும் முறைக்கு மாறினார்கள். 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் பழைய பரீட்சையைத் திரும்பக் கொண்டுவர உத்தரவிட்டார். அது அவர்கள் பாடு. நமக்கு ரேங்க் வேண்டாம் என்பது என் கட்சி.

ரேங்குக்குப் பதில் என்ன? ஒரு நோட்டுப் புத்தகம். ஆடியில் 600 மீட்டரை நாலு நிமிஷத்தில் முடித்த பிள்ளை தை மாதம் எவ்வளவில் முடிக்கிறது என்று எழுதிவையுங்கள். வளர்கிற பிள்ளை என்பதால் கொஞ்சம் முன்னேற்றம் தானாகவே வரும். வராவிட்டாலோ, பின்னால் போனாலோதான் யோசிக்க வேண்டும். மைதானம் சின்னதா? 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் ஒரு சுற்று 100 மீட்டர், ஆறு சுற்று ஓடினால் சரி. திருப்பம் அதிகம் என்பதால் நேரம் கூடத்தான் ஆகும். எனவே வேறு பள்ளியோடு ஒப்பிட வேண்டாம். அதே இடம், அதே வேளை, முடிந்தால் அளப்பவரும் அதே ஆள். அது போதும்.

நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்த பீரியடில் ஓட்டம் வைக்கவே கூடாது. காலையில் என்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும். இல்லையென்றால் சாயங்காலம் கடைசி பீரியட். நிழலில் ஒரு குடம் தண்ணீர் இருக்கட்டும். காய்ச்சல் வந்து எழுந்த பிள்ளை, இளைப்போ வலிப்போ உள்ள பிள்ளை, இதயக் கோளாறு என்று டாக்டர் சொன்ன பிள்ளை, இவர்களைப் பற்றி டீச்சருக்கு முன்கூட்டியே சீட்டு எழுதி அனுப்பிவிடுங்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் பிள்ளையிடம் "எத்தனாவதா வந்தே?" என்று கேட்காதீர்கள். "எந்தச் சுற்றில் மூச்சு வாங்கிச்சு? நெஞ்சு வலிச்சுதா, கால் வலிச்சுதா? நின்னப்புறம் எவ்வளவு நேரத்துல சரியாச்சு?" என்று கேட்டு, தேதி போட்டு எழுதிவையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.